சேவலிடம் மட்டும் கிரெயோல்

ஜூலை 2, 2014. ஜாக்மெல்

பாஸ்டனிலிருந்து அப்பா வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. சேவலைப் பார்த்துப் பொறாமைப்படும் பேராசிரியை உலகத்தில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

காலையில் முற்றத்தில் அப்பாவின் குரல். "என்னடா ராஜா, ராத்திரி சரியாத் தூங்கலையா? கண்ணெல்லாம் செவந்து கெடக்கு. வா, வா, சோளம் தின்னு." இது சேவலுக்கு. கிரெயோலில், இந்தத் தீவில் எல்லாரும் வீட்டில் பேசும் மொழியில், குழைந்து குழைந்து. நான் படி இறங்கினேன். அப்பா நிமிர்ந்தார், கழுத்துப் பொத்தானைப் போட்டார். "வணக்கம், மகளே. தாங்கள் நன்கு உறங்கினீர்களா?" இது எனக்கு, கோர்ட்டு மொழியில். பிரெஞ்சில்.

எனக்கு ஐம்பத்திரண்டு, அவருக்கு எண்பத்து நான்கு. இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒரே ஒரு வாக்கியம்கூட அவர் கிரெயோலில் பேசியதில்லை. மீன்காரனிடம் பேசுகிறார், சமையல் செய்யும் எவனிலா அக்காவிடம் பேசுகிறார், முடி வெட்டுகிறவரிடம் மணிக்கணக்காகப் பேசுகிறார். பெற்ற மகளுக்கு மட்டும் அவர் இன்னும் நீதிபதி. ஓய்வு பெற்று இருபது வருஷமாகிறது, ஐயா!

இதில் கூத்து என்னவென்றால், பாஸ்டனில் நான் சோறு தின்பதே கிரெயோலால்தான். அதன் இலக்கணத்தைப் பற்றி மூன்று புத்தகம் எழுதியிருக்கிறேன். உலகமே ஒத்துக்கொண்டுவிட்டது, அது உடைந்த பிரெஞ்சு இல்லை, தனி மொழி என்று. என் வீட்டு முற்றம் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தக் கோடையில் ஒரு வாக்கியமாவது வாங்காமல் கிளம்புவதில்லை.

ஜூலை 3

சேவலின் பெயர் செனட்டராம். அந்த நடைக்குப் பொருத்தம்தான்.

ஜூலை 5

பத்தொன்பதாம் தேதி ஆசிரியர் பயிற்சிக் கூடத்தில் என் உரை. கணக்கைக் கிரெயோலில் சொல்லிக்கொடுப்பது பற்றி, கிரெயோலிலேயே. அப்பாவைக் கூப்பிட்டேன்.

"கிரெயோலில் விரிவுரையா? அது விரிவுரை அன்று, மகளே. அரட்டை."

"வருவீங்களா, மாட்டீங்களா?"

"பரிசீலிக்கப்படும்."

எரிச்சல். அதைவிட எரிச்சல், நானும் அவரிடம் கிரெயோலில்தான் ஆரம்பிக்கிறேன், மூன்றாவது சொல்லில் பிரெஞ்சுக்கு வழுக்கிவிடுகிறேன். எவனிலா அக்கா அடுப்படியிலிருந்து சிரித்தாள். "அவரு முன்னாடி நின்னா உனக்கும் வாய் கூராயிடுதேடி!"

கூர்வாய். இந்த ஊரில் இதைவிடப் பெரிய கிண்டல் இல்லை. பிரெஞ்சில் உதட்டைக் குவித்துச் சொல்ல வேண்டிய ஓர் ஒலி உண்டு, கிரெயோலில் அது கிடையாது. பிரெஞ்சு தெரிந்த மாதிரி காட்டிக்கொள்கிறவர்கள் தேவையே இல்லாத இடத்திலும் குவித்துவிடுவார்கள். அரிசிக்கு 'திரி' என்போம். மூலை மருந்துக்கடைக்காரர் வாயில் அது 'துரி'. இதைப் பற்றி நான் நாற்பது பக்கக் கட்டுரை எழுதியிருக்கிறேன். எவனிலா அக்காவுக்கு ஒரு சொல் போதுமாக இருக்கிறது.

ஜூலை 8

உலகக் கோப்பையில் பிரேசில் ஏழு கோல் வாங்கியது. இந்த ஊருக்குப் பிரேசில் என்றால் உயிர், தெருவே ஒப்பாரி. எதிர்வீட்டுக்காரர் மஞ்சள் சட்டையைக் கழற்றி வீசிவிட்டு வெற்று மார்போடு உட்கார்ந்திருக்கிறார். நான் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை, அப்பாவின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு எப்படியும் வந்துவிடும் என்று.

மூன்றாவது கோலுக்கு, "வருந்தத்தக்கது" என்றார். நான்காவதுக்கு, "மிகவும் வருந்தத்தக்கது." ஐந்தாவதுக்கு எழுந்து வெளியே போய்விட்டார். முற்றத்திலிருந்து சத்தம் கேட்டது: "செனட்டரு, நாசமாப் போனோம்டா! மானம் போச்சுடா!"

மறுபடியும் சேவலுக்கே.

ஜூலை 11

காரணமில்லாமல் ஒரு ஞாபகம். ஏழு வயதிருக்கும். காய்ச்சல், நாக்கு வறண்டு கிடக்கிறது. அப்பா, தண்ணி - என்று கிரெயோலில் கேட்டேன். "எனக்குக் காதில் விழவில்லையே" என்றார். மறுபடி கேட்டேன். விழவில்லையே. காய்ச்சலோடு படுத்துக்கொண்டு ஒரு பிரெஞ்சு வினைச்சொல்லைத் தேடிப் பிடித்து, அதற்குச் சரியான விகுதி போட்டு, அப்புறம்தான் தம்ளர் வந்தது. கொடுத்தவர் விடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், அதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் - ஏன்ப்பா? ஒரு வாய் தண்ணிக்கு எதுக்குப்பா இலக்கணம்?

இந்த ஆளிடம் போய் எதை எதிர்பார்க்கிறேன் நான்?

ஜூலை 16

தந்திரம் செய்து பார்த்தேன். சந்தையிலிருந்து ஒரு மீனை வாங்கிவந்து, இதுக்கு நம்ம ஊர்ல என்ன பேரு, மறந்துபோச்சு என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தார். லத்தீன் பெயரைச் சொன்னார்.

ஜூலை 19

வந்தார். கடைசி வரிசையில், கறுப்புக் கோட்டும் டையுமாக, தீர்ப்புச் சொல்ல வந்தவர்போல.

அதுவரை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இருநூறு ஆசிரியர்கள், கைதட்டல், சிரிப்பு. ஆறு மாமிட், அதாவது ஆறு படி அரிசியை நாலு வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு எவ்வளவு என்று கேட்க வாயைத் திறந்தேன். அப்பாவின் கண்ணைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

"ஆறு மாமிட் துரி."

கூடம் சிரிப்பில் வெடித்தது. முன்வரிசையில் ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பேராசிரியரம்மா, நீங்களுமா கூர்வாய்!" என்றாள். திருத்திக்கொள்ளலாம் என்று மறுபடி சொன்னேன். துரி. அட கடவுளே! மூன்றாம் முறையும் உதடு தானாகக் குவிந்துகொண்டது. காதெல்லாம் சூடு. நாற்பது பக்கக் கட்டுரை எழுதியவள்! இருபத்து நாலு வருஷ உழைப்பு ஒரு படி அரிசியில் போகப்போகிறது என்று நினைத்தேன்.

கடைசி வரிசையில் நாற்காலி தேய்ந்த சத்தம்.

"கெர்லாண்ட்! வாயைத் தளத்துடி! அரிசிக்கு முத்தமா குடுக்கப் போற? திரி! திரின்னு சொல்லு! நாலு வயசுல ஒழுங்காச் சொன்னியே, இப்ப என்னடி வந்துச்சு உனக்கு?"

எல்லாரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். தான் என்ன செய்துவிட்டோம் என்று அப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது, டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"திரி" என்றேன். சரியாக வந்தது. அரிசியை நாலு வீட்டுக்கும் பிரித்து முடித்தேன். நாலு வயதில் நான் சொன்னதெல்லாம் அவர் காதில் விழுந்திருக்கிறது.

ஜூலை 20

இன்று காலை காப்பி குடிக்கும்போது இருவரும் பேசவில்லை. கோபம் இல்லை. எந்த மொழியில் ஆரம்பிப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 30. பாஸ்டன்

அப்பா போன் செய்தார். முன்பெல்லாம் நான்கு நிமிடம்: வானிலை, உடல்நலம், வாழ்த்துகள். இன்று நாற்பது நிமிடம், முழுக்கக் கிரெயோலில். மருந்துக்கடைக்காரரைப் பற்றியே பத்து நிமிடம், சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

தைரியம் வந்து கேட்டேன். "இத்தனை வருஷம் ஏம்ப்பா எங்கிட்ட இப்பிடிப் பேசல?"

செருமிக்கொண்டார்.

"நீ சின்னவளா இருந்தப்போ, பிரெஞ்சு வந்தாத்தான் ஆளா மதிப்பாங்கன்னு நெனச்சேன். அது போகட்டும். நீ அமெரிக்கா கெளம்புன அன்னிக்கு ஏர்ப்போர்ட்டுல நின்னேனே, அன்னிக்கு எல்லாமே கிரெயோல்லதான் வந்துச்சு. வாயைத் தொறந்திருந்தா 'போகாதடி'ன்னு கத்தியிருப்பேன். அதான் பிரெஞ்சுல பயண வாழ்த்து சொல்லிட்டு வந்துட்டேன்."

"கத்தியிருக்கலாமேப்பா."

"கத்தியிருந்தா நின்னிருப்பியா?"

"நின்னிருப்பேன்."

"அதான்" என்றார். அப்புறம், சாப்பிட்டியா என்று கேட்டார்.