கட்டுநாயக்கா வரை

அன்பின் கமலாசனிக்கு,

நீரும் துளசியும் சுகமா? கண்டியில் மழை விட்டதா?

செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வர டோஹாவில் விமானத்தில் இடம் கிடைக்கவில்லை என்றேன். அது பொய். இரண்டு விமானங்கள் நிறைந்துபோக, மூன்றாவதில் கப்டன் விமானி அறையின் மடிப்பு இருக்கையைத் தந்தார். கட்டுநாயக்கா விமான நிலைய வாசலுக்கு வந்து பார்த்தால், மறுநாள் நான் ஓட்டவேண்டிய விமானத்துக்காக டோஹா திரும்ப, உடனே திரும்பிப் போகிற அதே விமானத்தைத் தவிர வேறெதிலும் இடமில்லை. இன்னொருமுறை பிந்தினால் வேலை போய்விடும்.

"மகனுவர, மகனுவர" என்று கண்டி பஸ்காரன் கூப்பிட்டான். இல்லையென்று கையாட்டிவிட்டு உள்ளே போனேன்.

துளசியின் சப்பாத்து அளவை எழுதி அனுப்பும். மூன்று வயதுப் பிள்ளைக்கு என்று சொல்லி வாங்கினேன். திரும்பிப் பறக்கும்போதுதான் அவளுக்கு நாலு முடிந்தது நினைவு வந்தது.

இப்படி வாசல்வரை வந்து திரும்ப இனி என்னால் ஏலாது, கமலா.

வேலைக்கு ஏற்றிப்போக வாகனம் வந்துவிட்டது.

உமது,
பாலேந்திரன்