கோமதிநாயகம் வாசிக்காத டிரம்ஸ்

நவம்பர் 3, 1998. செவ்வாய்

காலையிலிருந்து மழை. அலுவலகத்துக்கு அரை நாள் லீவு. எழுதிக் கொடுத்த காரணம் வயிற்றுவலி. உண்மைக் காரணம் ஜாஸ் டிரம்ஸ்.

காதர் ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறான். மேலப்பாளையத்துக்காரன், என்னோடு பள்ளியில் படித்தவன், மஸ்கட்டில் ஒரு ஹோட்டலில் ஆம்லெட் போடுகிறான். அந்த ஹோட்டலில் சாயங்காலம் ஜாஸ் வாசிக்க இரண்டு பேர் வேண்டுமாம். கீபோர்டு ஒருவர், டிரம்ஸ் ஒருவர். கேசட் கொடுத்தால் மேனேஜருக்குப் போட்டுக் காட்டுவான். கிடைத்துவிட்டால் அலுவலகத்திலிருந்து விடுதலை. கல்யாண வரவேற்புகளில் கீபோர்டு வாசிப்பதிலிருந்தும், வெற்றிலை வாயோடு மேடை ஏறி "அந்தக் குத்துப்பாட்ட எடுத்துவிடும் வே" என்கிற பெண் வீட்டு மாமன்களிடமிருந்தும் விடுதலை. வாழ்க்கையில் வேறு எதற்கும் நான் இப்படி ஆசைப்பட்டதில்லை.

கீபோர்டுக்கு நான். டிரம்ஸுக்கு ஆள் இல்லை. இருந்த ஆள் கோமதிநாயகம். (இனி கோ. முழுப்பெயர் எழுதும் தகுதி அவனுக்கு இல்லை.) போன மாதம் ஒரு வரவேற்பில் எல்லார் முன்னாலும், "நீ உரல்ல மாவு இடிக்கத்தான் லாயக்கு" என்றேன். உள்ளதைத்தான் சொன்னேன். அன்றோடு வரவில்லை. நஷ்டமும் இல்லை.

கம்ப்யூட்டர் இருக்கிறது. மெட்ராஸில் வாங்கிய சிடியில் நிஜ டிரம்ஸின் சத்தங்கள், ஒவ்வோர் அடியும் தனித்தனியாக. எந்த அடி எப்போது விழ வேண்டும், எவ்வளவு பலமாக விழ வேண்டும் என்று மவுஸால் வைத்துக்கொண்டே போக வேண்டியதுதான். டீ கேட்காத, கொழுந்தியாள் வீட்டு விசேஷத்துக்குப் போகாத டிரம்மர்.

செண்பகம் எட்டிப் பார்த்தாள். "அடுக்களையில மழத்தண்ணி ஒழுகுது. நீங்க என்னத்த டொக்கு டொக்குன்னு தட்டிக்கிட்டு இருக்கிய?"

மனைவிக்கு ஜாஸ் விளக்குவதைவிட வாளியை நகர்த்தி வைப்பது சுலபம். வைத்தேன்.

4, புதன்

மழை. மின்வெட்டு. சேமிக்காமல் விட்ட மூன்றாம் பாட்டு போயிற்று. மறுபடி முதலிலிருந்து.

டிரம்ஸின் வெண்கலத் தட்டு, சிம்பல், தையல் மெஷின் மாதிரி ஓடுகிறது. இரண்டு அடிகளில் இரண்டாவதைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் நடை வருகிறது. நிறையத் தள்ளினால் நொண்டுகிறது.

காதர் தெருவில் பிடித்துக்கொண்டான். "டிரம்ஸு யாரு வே, நம்ம கோமதியா?" ஆமாம் என்றேன். கம்ப்யூட்டர் என்றால் கேசட்டையே வாங்க மாட்டான். வேலை கிடைத்த பிறகு, கோ. கையை முறித்துக்கொண்டான் என்று சொல்லிவிட்டு அங்கேயே யாராவது ஒருவனைப் பிடித்துக்கொள்ளலாம். கோவாக்காரர்கள் எங்கும் கிடைப்பார்கள்.

5, வியாழன்

மாதிரி கேசட்டோடு மேலப்பாளையம். காதர் வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் மச்சினன் ஒருவன், பெயர் தெரியாது, கேட்டுவிட்டு, காதரிடம், "என்ன மச்சான், சாமி பொறப்பாடு மாதிரி இருக்கு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். காதர் சிரிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "எங்க ஹோட்டல்ல இப்படி இருக்காது வே. அங்கன டிரம்ஸ் வாசிக்கவன் தூங்குத மாதிரில்லா இருப்பான். பையத் தட்டுவான்" என்றான்.

சங்கீதத்துக்குத் தீர்ப்பு சொல்கிற மூஞ்சிகள்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அவர்கள் சொன்னது சரி. எரிச்சல் அதனால்தான். ஒவ்வொரு நாலடி வட்டத்திலும் முதல் அடியைத்தான் ஓங்கி வைத்திருக்கிறேன். ஜாஸில் கனம் இரண்டிலும் நாலிலும். அது போதாதென்று ஒவ்வொரு பகுதி முடியும்போதும் ஒரே சொற்கட்டை மூன்று முறை வைத்து, தாளத்தின் முதல் அடியில் கொண்டுபோய் 'தா' என்று இறக்கியிருக்கிறேன். கச்சேரியில் வைக்கிற தீர்மானம்! சின்ன வயதில் மிருதங்கம் படித்த புத்தி. நான் நினைக்காமலே விரல் வைத்திருக்கிறது. மஸ்கட் மேனேஜர் கேட்டால் தேங்காய் உடைக்க ஆள் தேடுவார்.

6, வெள்ளி

மழை விட்டது. ஆற்றில் செந்தண்ணீர் என்று தெருவே பார்க்கப் போயிருக்கிறது. தண்ணீரைப் பார்க்க ஒரு கூட்டம். நல்ல வேளை, அமைதி.

தீர்மானங்களை எடுத்தாயிற்று. இரண்டிலும் நாலிலும் கனம். எல்லாம் சரி, ஆனால் பிணம். அடி ஒவ்வொன்றும் ஒழுங்காக, ஒரே பலத்தில். மனுஷன் இப்படி வாசிக்க மாட்டான், மனுஷன் தப்புப் பண்ணுவான்.

அப்படியானால் தப்பு வேண்டும். எந்தத் தப்பு? எனக்கு நெருக்கமாகத் தெரிந்த தப்புகள் ஒரே ஆளுடையவை.

கோ.வின் லட்சணங்கள்:
இடது கை சோம்பேறி. இரண்டாம் அடி எப்போதும் ஒரு மயிரிழை தாமதம்.
கடகடவென்று உருட்டி முடித்ததும் அவசரம், பஸ் கிளம்பிவிட்ட மாதிரி.
நான் தனியாக வாசிக்கும்போது, யாரும் கேட்காமலே, நடுவில் இரண்டு சின்னத் தட்டு. 'நானும் இருக்கேன்' என்று.
பாட்டு முடிகிற இடத்தில் கையைத் தூக்க மனசில்லாமல் டிரம்ஸ் தோல்மேல் பிரஷ்ஷை இழுத்துக்கொண்டே இருப்பான்.

ஒவ்வொன்றாக உள்ளே வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் அவனைத் திட்டிக்கொண்டே வைத்தேன். சாயங்காலம் போட்டுக் கேட்டபோது அறையில் யாரோ உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருந்தது. செண்பகம் ஈரக்கையோடு வந்து, "கோமதியண்ணன் வந்திருக்காவளா? காப்பி போடவா?" என்றாள்.

7, சனி

பதிவு முடிந்தது. கீபோர்டு நன்றாகவே வாசித்திருக்கிறேன். டிரம்ஸோடு வாசிக்க வெகு சுகம்.

அட்டையில் பெயர் எழுத வேண்டும் என்றான் காதர். கீபோர்டு: என் பெயர். டிரம்ஸ்: கோமதிநாயகம். எழுதும்போது சிரிப்பு வந்தது. அவன் ஆயுசுக்கும் இப்படி வாசித்திருக்க மாட்டான்.

8, ஞாயிறு

கேசட்டோடு காதர் போயாயிற்று. "இன்ஷா அல்லாஹ், ரெண்டு பேரும் வந்து சேருவிய" என்றான். சூட்கேஸ் வாங்க வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் ஒருநாள் போய்விட வேண்டும்.

22, ஞாயிறு

பக்கத்து வீட்டுக்கு மஸ்கட் போன், காதர். ஓடினேன், ஒரு செருப்புத்தான் கிடைத்தது.

"சொல்லுதேன்னு கோவிச்சிக்கிடாதேயும் வே. கீபோர்டுக்கு ஒரு கோவாக்காரன வச்சாச்சு. ஆனா மேனேஜருக்கு டிரம்ஸ் ரொம்பப் புடிச்சிட்டு. 'இந்த ஆளு, கூட இருக்கவன் வாசிக்குததக் கேட்டுக் கேட்டு வாசிக்கான், அவன மட்டும் அனுப்பு'ன்னு சொல்லுதாரு. கோமதிக்குத் தாக்கல் சொல்லி விட்டுட்டேன். சந்தோசந்தானே?"

சந்தோஷம் என்றேன். பக்கத்து வீட்டம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொறாமை. வேறு எந்தப் பெயரும் வைக்கத் தோன்றவில்லை.

24, செவ்வாய்

மறுபடி மழை. கோமதி வந்தான், நனைந்துகொண்டே. கையில் ஆப்பிள்.

"அண்ணாச்சி, அன்னைக்கி அம்புட்டுப் பேச்சுப் பேசிட்டு, எம் பேரப் போட்டு அனுப்பியிருக்கியளே. வீட்டுல அவ அழுதுட்டா." பிறகு பைய, "ஆனா நான் எப்ப வாசிச்சேன்னுதான் வெளங்கல" என்றான்.

என்னிடம் இருந்த பிரதியைப் போட்டேன். தலையைச் சாய்த்துக் கேட்டான். கொஞ்ச நேரத்தில் விரல் நாற்காலிக் கையில் தட்ட ஆரம்பித்தது. இரண்டாம் அடி தாமதம். உருட்டல் முடிந்ததும் அவசரம். கேசட்டும் அவனும் ஒன்றாகவே அவசரப்பட்டார்கள். மேடையில் எப்போதும் எனக்குப் பின்னால் இருப்பான், வாசிக்கும்போது அவன் முகத்தை இன்றுதான் பார்த்தேன்.

"நாந்தான் அண்ணாச்சி! இது அம்பாசமுத்திரம் கல்யாணத்துல எடுத்ததுலா?"

செண்பகம் அடுக்களை வாசலில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா. அங்கன எடுத்ததுதான்" என்றேன்.

நல்ல மனசால் இல்லை. உண்மையைச் சொன்னால், இத்தனை காலமும் இந்தக் கழுதையை எவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டிவரும்.

பாஸ்போர்ட்டுக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டான். சொன்னேன். படி இறங்கும்போது திரும்பிப் பார்த்து, "அப்பம் மஸ்கட்டுக்கு நீங்க என்னைக்கி வாரிய அண்ணாச்சி?" என்று கேட்கிறான், மடையன்.