பெனடிக்ட்டின் ஸ்கேன் படம் உனக்கு எதற்கு?

பொன்மலை,
ஈஸ்டர் கழிந்த செவ்வாய்.

அன்பு மகள் ஜென்சிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் உன் தம்பி பெனடிக்ட்டும் இங்கே நலம். டப்ளினில் நீயும் மாப்பிள்ளையும் எப்படி என்பதை இந்தத் தடவையாவது மறைக்காமல் சொல். போனில் கேட்டால் உனக்கு உடனே சிக்னல் போய்விடுகிறது, அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

நீ சொன்னபடியே தம்பியைத் தில்லைநகர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மூளையை ஸ்கேன் எடுத்தாயிற்று. மயக்க மருந்து கொடுத்துத்தான் உள்ளே தள்ளினார்கள், ரயில்வே ஒர்க்‌ஷாப் சங்குக்கே காதைப் பொத்திக்கொண்டு சுவரில் முட்டுகிறவன் அந்த மெஷின் போடுகிற இரைச்சலுக்கு யாரை விட்டுவைப்பான். டாக்டர் படத்தைக் காட்டினார். மூளைக்கு உள்ளே பாதாம்பருப்பு அளவில் ஒன்று இருக்கிறதாம், பயத்துக்கும் கோபத்துக்கும் அதில் பங்கு உண்டாம், எந்த மருந்துக்கும் அடங்காமல் அடிக்கிற ஆட்டிசப் பிள்ளைகள் சிலருக்கு அந்த இடத்தின் அமைப்பில் வித்தியாசம் தெரிவதாக ஆராய்ச்சி செய்கிறவர்கள் சொல்கிறார்களாம். அப்போ என் பிள்ளை அடிக்கிறதுக்கு அதுதான் காரணமாங்க என்று கேட்டேன். படத்தை வெச்சு அப்படிச் சொல்ல முடியாதும்மா, கட்டி கிட்டி இருக்கான்னு பார்க்கத்தான் எடுத்தோம், அதெல்லாம் இல்லை என்றார். மாத்திரையை இரண்டு முறை மாற்றியும் அவனுக்கு உடம்புதான் பெருத்ததே தவிர கை அடங்கவில்லை, இப்போது இன்னொன்று எழுதியிருக்கிறார்.

டாக்டரே ஒன்றும் சொல்ல முடியாது என்கிற படத்தை நீ ஏன் தினமும் அனுப்பு அனுப்பு என்று அரிக்கிறாய்? அங்கே பெரிய டாக்டரிடம் காட்டத்தான் என்று முதலில் நம்பினேன். ஆனால் உன் அப்பா இருக்கிறாரே, தெருவுக்கே கேட்கிற மாதிரிப் பேசுகிற மனுஷர், உன் போன் வந்தால் மட்டும் சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்குப் போய்க் குசுகுசுக்கிறார், என்னைக் கண்டதும் சரிம்மா வெச்சிடறேன் என்கிறார். உப்பிலியபுரம் பக்கம் இந்த மாதிரிப் பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்கிற இல்லம் ஒன்றைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார், அடுத்த வீட்டு டோரதி சொல்லித்தான் எனக்கே தெரியும். கேட்டால், சும்மா விசாரிச்சேன் என்கிறார். சும்மா விசாரிக்க அவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போகிற ஆளா அவர்? அங்கே சேர்க்க ரிப்போர்ட்டும் படமும் கேட்பார்களாமே. அப்புறம் பெரிய வெள்ளி. சின்ன வயதில் கோயிலில் புதுநன்மை வாங்கிய வருஷத்திலிருந்து நீ ஒருசந்தி விட்டதே இல்லை, காய்ச்சலில்கூட அன்றைக்கு ஒருவேளைச் சாப்பாடுதான். இந்த வருஷம் வீடியோவில் காலையிலேயே ரொட்டி தின்றுகொண்டிருக்கிறாய், மாப்பிள்ளை பக்கத்தில் நின்று இன்னொரு துண்டு வைக்கிறார். ஒருசந்தி இருக்கலையாடி என்றதும் போனைத் திருப்பி ஜன்னலைக் காட்டினாய். பிள்ளைத்தாய்ச்சிக்கு ஒருசந்தி கடமையில்லை என்று எனக்குத் தெரியாதா? பெற்றவளிடமே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாயே.

ஆக, தலைப்பிரசவத்துக்கு நீ இங்கே வர வேண்டும், வருவதற்குள் அவன் வீட்டில் இருக்கக் கூடாது, அதுதானே அப்பாவும் மகளும் போட்ட திட்டம்? நீ பயப்படுவதில் தப்பில்லை. போன வாரம் என் முழங்கையில் அவன் கடித்த தடம் இன்னும் ஆறவில்லை, உன் வயிற்றை நினைத்தால் எனக்கும் பகீர் என்கிறது. ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே ஜென்சி, எனக்குத் தெரியாமல் என் பிள்ளையை மூட்டை கட்டப் பார்த்தீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. டோரதி வீட்டு முன்னறையைக் கேட்டுவிட்டேன், நீ வந்து அங்கே இரு, நான் இரண்டு வீட்டுக்கும் நடக்கிறேன், உன் அப்பா லீவு போட்டு அவனைப் பார்த்துக்கொள்ளட்டும். படத்தை மட்டும் அனுப்ப மாட்டேன், பீரோவில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருக்கிறேன். பிறக்கப்போகிற பிள்ளைக்குத் தாய்மாமன் என்று இருப்பது அவன் ஒருவன்தான். அவனை அனுப்பிவிட்டு யார் மடியில் உட்காரவைத்துக் காது குத்துவாய்?

உனக்கும் மாப்பிள்ளைக்கும் வயிற்றில் இருக்கிற செல்வத்துக்கும் இங்கிருந்தே சிலுவை போடுகிறேன், மாதா துணையிருப்பாள். சத்து மாத்திரையை விட்டுவிடாதே. இதற்குப் பதிலை எனக்கு எழுது, அப்பா வழியாகச் சொல்லி அனுப்பாதே.

இப்படிக்கு,
உங்கள் இருவரையும் பெற்ற அம்மா
லூர்துராணி