அட்டையில் எந்தப் பெயர்

மாட்சுயே,
நவம்பர் 14

அன்புள்ள மகள் சிகுசாவுக்கு,

இங்கே உன் அம்மாவும் நானும் நலம். மாறாக நீ எதுவும் தெரிவிக்காததால் லிஸ்பனில் நீயும் நலம் என்றே கொள்கிறேன். ஏரியில் காற்றுத் திசை மாறிவிட்டது, சிப்பி அள்ளும் படகுகள் தாமதமாகத்தான் புறப்படுகின்றன, என் முழங்கால் வலி சென்ற ஆண்டைவிடக் கூடவுமில்லை, குறையவுமில்லை. புது வீட்டு வாடகை ஒப்பந்தம் பற்றி எழுதியிருந்தாய். எந்தப் பக்கத்தையும் படிக்காமல் கையெழுத்திடாதே. சேதாரம் பற்றிய பிரிவை அந்த ஊர் மொழி நன்கு தெரிந்த ஒருவரையும் படிக்கச் சொல்.

என் சுயசரிதை அச்சுக்குப் போக இருப்பதை உனக்கு முறைப்படி தெரிவிக்க வேண்டும். எழுபத்தேழாம் பிறந்தநாள் விருந்தில் உறவினர்க்கும் என் பத்திர அலுவலகத்துப் பழைய கட்சிக்காரர்க்கும் கொடுப்பதாக ஏற்பாடு. இவ்வூரில் ஓய்வு பெற்றவர்கள் அநேகமாக எல்லோரும் ஆளுக்கொன்று போட்டுவிட்டார்கள், நம் பல் மருத்துவர் இரண்டு பாகம் போட்டிருக்கிறார். பதிப்பகத்து அவோத்தோ என்ற பெண்மணி கைப்பிரதியைப் படித்துவிட்டு, "தப்பா நினைக்காதீங்க ஐயா, நீங்க பொறக்கறதே நாற்பதாம் பக்கத்துலதான், அதுவரைக்கும் நிலப் பதிவுச் சட்டம்தான் வருது" என்றார். அது ஓரளவு நியாயமான விமரிசனம் என்பதால் குறைத்தேன். கல்யாண அத்தியாயத்தைப் படித்த உன் அம்மா, "கிரையப் பத்திரம் மாதிரியே இருக்குங்க, நாலு எல்லையும் எழுதிட்டா முடிஞ்சுது" என்று சிரித்தாள். அதன்பின் இந்தப் புத்தகத்தை முன்னிட்டு அவள் சிரிக்கவில்லை.

காரணம் அட்டை. உனக்குத் தெரிந்ததே எனினும் விஷயத்துக்கு அவசியமாதலால் மீண்டும் சொல்கிறேன். நான் ஓகித் தீவில் ஃபுகுமா வீட்டில் மூன்றாம் மகனாகப் பிறந்தவன். காட்சுபே வீட்டில் ஆண் வாரிசு இல்லாததால், இருபத்தேழு வயதில் உன் தாத்தா என்னைச் சட்டப்படி தத்தெடுத்து, அன்றே தம் மகளான உன் அம்மாவையும் கட்டிவைத்து, அலுவலகத்தையும் பெயரையும் ஒப்படைத்தார். வீட்டோடு மாப்பிள்ளை என்பதோடு நிற்கவில்லை, அந்த வீட்டின் பெயரோடும் மாப்பிள்ளை. அதுமுதல் பதிவேட்டிலும் வாசல் பலகையிலும், குடும்பக் கல்லறைக் கல்லில் முன்கூட்டியே பொறித்து, உயிரோடிருப்பவன் என்பதற்கு அடையாளமாகச் சிவப்பு பூசிய எழுத்திலும் நான் காட்சுபே. ஆனால் புத்தகத்தின் முதல் பாதி தீவில் நடப்பது, அங்கே வாழ்ந்தவன் ஃபுகுமா நொபுயாசு. ஆகவே ஆசிரியர் பெயராக அதையே போடச் சொன்னேன். சட்டத்தில் தடையில்லை. உன் அம்மாவிடம் தலைப்பைத் தூரிகையால் எழுதித் தரும்படி கேட்டிருந்தேனே தவிர இதைச் சொல்லியிருக்கவில்லை.

மாதிரி அட்டை வந்தபோது நான் வெளியே போயிருந்தேன். திரும்பிவந்து பார்த்தால் அது பூஜை மாடத்தில், உன் தாத்தாவின் படத்துக்கு முன்னால் இருந்தது. "எங்கப்பா ஒரு தடவை பாக்கட்டும்னு வெச்சேன், உங்களுக்குப் பேர் குடுத்தவர் அவர்தானே" என்றாள் உன் அம்மா. மறுநாள் காலை வழக்கம்போல அவருக்குச் சோறும் தண்ணீரும் வைத்தாள், அட்டையை எடுக்கவில்லை. எனக்கும் எடுக்கத் துணிவில்லை. தலைப்பையும் அவள் எழுதித் தரவில்லை.

தீவிலிருக்கும் உன் பெரியப்பா தாட்சுவோவிடம் தொலைபேசியில் நிலைமையை விளக்கினேன். "நம்ம பேர் இருந்தா நானே துறைமுகத்துல நின்னு ஒவ்வொருத்தன் கையிலயும் திணிப்பேன். அவங்க பேர் இருந்தா எனக்கு எதுக்குடா அது? உன்னை அன்னைக்கே தூக்கிக் குடுத்தாச்சு, இப்ப உன் சின்ன வயசையும் சேத்துக் குடுக்கணுமா?" என்றார். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. எனவே காட்சுபே என்று போட்டு, பிறந்த வீட்டுப் பெயரை அடைப்புக்குறிக்குள் சேர்க்கலாம் என்று உன் அம்மாவிடம் ஒரு சமரச யோசனை வைத்தேன். "அடைப்புக்குறிக்குள்ள குடியிருக்க அந்தத் தீவுக்காரருக்குச் சம்மதமான்னு கேட்டீங்களா?" என்றாள். பிறகு சீமைப் பனிச்சைப் பழத்தின் தோலைச் சீவிக்கொண்டே, தலை நிமிராமல், "எனக்குப் பேர் மேல கோபம் இல்லைங்க. சிகுசாவோட இந்த வீட்டுப் பேர் முடியத்தான் போகுது, அது தெரிஞ்சதுதான். ஆனா அம்பது வருஷம் ஒரு ஆளுக்குச் சோறு போட்டிருக்கேன். கடைசியில அட்டையில வேற யாரோ உக்காந்திருக்காரு. அவரை நான் பாத்ததே இல்லையே" என்றாள். அவள் எழுதாத தலைப்போடு புத்தகம் வெளிவர வேண்டியதில்லை என்று முடிவு செய்து, அச்சை நிறுத்திவைக்கும்படி பதிப்பகத்துக்குத் தெரிவித்தேன். விருந்தும் இல்லையென்றே இருந்தேன்.

நேற்று முடிவெட்டிக்கொண்டு திரும்பினேன். கூடத்தில் கால் வைக்க இடமில்லை, பாய் முழுவதும் தாள்கள் காய்ந்துகொண்டிருந்தன. தலைப்பாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். எல்லாத் தாளிலும் என் பெயர். முன்னால் எந்த வீட்டின் பெயரும் இல்லாமல், நொபுயாசு என்று மட்டும். இத்தனை காலத்தில் 'என்னங்க' என்றும், நீ பிறந்தபின் 'சிகுசா அப்பா' என்றும் அழைத்தாளே தவிர, அந்தப் பெயரை அவள் வாயால் நான் கேட்டதில்லை. தூரிகையை வைக்காமலே, "மிதிச்சுடாதீங்க, ஈரம். ரெண்டாவது எழுத்து இன்னும் எனக்குப் பழகலை" என்றாள். நான் வெகுநேரம் வாசற்படியிலேயே நின்றிருந்தேன். தேர்ந்தெடுத்த தாளை, ஆசிரியர் பெயராக அட்டையில் போடும்படி, இன்று காலை அவோத்தோவுக்கு அனுப்பினோம், "குடும்பப் பேரே இல்லாமலா? கூத்து நடிகர் மாதிரி எடுப்பா இருக்குங்க" என்கிறார். உன் பெரியப்பா தொலைபேசியில், எத்தனை பிரதி அனுப்புவாய் என்று கேட்டார். மாடத்தில் மாதிரி அட்டை இன்னும் இருக்கிறது, அதன்மேல் உன் அம்மா என் பெயரெழுதிய ஒரு தாளை வைத்திருக்கிறாள்.

ஒரு வேண்டுகோள். நீ லிஸ்பனுக்குப் புறப்பட்ட நாளைப் பற்றிய அத்தியாயம் இத்துடன் உள்ளது. ரயில் நிலையத்தில் நீ திரும்பிப் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். நான் நின்ற இடத்திலிருந்து அப்படித்தான் தெரிந்தது. தவறானால் திருத்தி அனுப்பு, உன் சொல்லையே வைத்துக்கொள்கிறேன். குளிருக்கு முன் நல்ல காலணி வாங்கிக்கொள். உடலும் மனமும் சீராக, நீ எடுத்த காரியம் எல்லாம் கைகூட எங்கள் இருவரின் ஆசிகள்.

உன் அப்பா,
நொபுயாசு