அதிகாரிக்கென்று ஒரு கூஜா

இன்று என் மேசைமேல் ஒரு கண்ணாடிக் கூஜா வைத்திருக்கிறார்கள். விடுதிக் காப்பாளரான எனக்கு மட்டுமாம். பார்த்ததும் உன் நினைவு.

அரியலூரில் நாம் படித்த கல்லூரியில், வெள்ளைக்காரன் விட்டுப்போன வழக்கம் அப்படியே இருந்தது. முதல்வரைப் பார்க்க வேண்டுமானால் செருப்பைக் கழற்றிவிட்டு, மணியடித்துக் கூப்பிடும்வரை தாழ்வாரத்தில் நிற்க வேண்டும். காய்ச்சலோடு விடுப்புக் கேட்க வந்த முதலாண்டுச் செல்வி, நிற்க முடியாமல் அங்கிருந்த கூஜாவை எடுத்துக் குடித்துவிட்டாள்.

"ஆபீசருங்க தண்ணியில வாய வச்சுட்டியா?" என்று பியூன் கத்தினார்.

மாலைக்குள் அவளை விடுதியிலிருந்து நீக்கிவிட்டார்கள். விடுதி இல்லையென்றால் அவளுக்குப் படிப்பே இல்லை.

மறுநாள் தாழ்வாரத்தின் முன் பெருங்கூட்டம். பையன்கள் கையில், சிமெண்ட் ஆலை லாரிகள் சிந்திவிட்டுப் போன சுண்ணாம்புக்கற்கள். கேட்டில் போலீஸ் வேன். முதல்வர் கதவைத் தாழிட்டுக்கொண்டார்.

நீ விடுதிப் பானையிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தாய். செல்வியைக் குடிக்கவைத்தாய். பிறகு கதவைத் தட்டினாய்.

"சார், எங்க வேப்பந்தட்டைப் பக்கம் வழக்குப் பேசறவங்க ரெண்டு பேரும் ஒரே சொம்புல குடிச்சிட்டுத்தான் வாயத் தொறப்பாங்க. செல்வி குடிச்சிட்டா. நீங்களும் குடிங்க."

"சார் காப்பிதான் குடிப்பாரு!" என்றான் ஒருவன். யாரும் சிரிக்கவில்லை.

கதவு திறந்தது. முதல்வர், கூலிக்காரர் மகளான உன்னையும் சொம்பையும் வேனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாங்கி, உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்தார். கூட்டம் உறுமியது.

"குடிச்சாருல்ல, போதும். கல்லக் கீழ போட்டுட்டு உக்காருங்க," என்றாய்.

தரையில் உட்கார்ந்துதான் பேசினோம். அவர் மட்டும் நாற்காலியில். செல்வியின் நீக்கம் ரத்தானது.

"அண்ணாந்து குடிச்சாரே, எப்படிடி விட்ட?" என்று அன்று மாலை கேட்டேன்.

"செல்வி உள்ள இருக்கணுமா, அவரு உதடு படணுமா?" என்றாய். சொல்லிக்கொண்டே தாவணி முடிச்சை அவிழ்த்தாய். உள்ளே ஒரு சுண்ணாம்புக்கல்.

"சொம்ப அவரு தட்டி விட்டிருந்தா?"

நீ கல்லை மறுபடி முடிந்துகொண்டாய். மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோகும்வரை அதை வைத்திருந்தாய். அந்தக் கல் இப்போது என்னிடம் இருக்கிறது.

வெளியே என் விடுதிப் பெண்கள் புழுத்த அரிசியை எதிர்த்துக் குரல் எழுப்புகிறார்கள். இன்று கதவுக்கு உள்ளே இருப்பவள் நான். கூஜாவை ஓரமாக வைத்துவிட்டேன். அவர்கள் பானையிலிருந்து ஒரு சொம்பு கேட்கப் போகிறேன். முதலில் அவர்கள் குடிக்கட்டும். பிறகு நான், வாய் வைத்துத்தான் குடிப்பேன்.