நாலு மணிக்கு அணைக்கும் டிவி

செவ்வாய், இரவு

சாப்பாடு இறங்கவில்லை. “ஏனுங்க, உடம்புக்கு முடியலையா?” என்று ஸ்டெல்லா கேட்டாள். கட்டின மனைவியிடம்கூடச் சொல்ல முடியவில்லை.

சாயந்திரம் தங்கராஜ் வீட்டுக்குப் போயிருந்தேன். நம் சபைக்காரர். அவரை அடக்கம் பண்ணிப் பத்து நாள் ஆகிறது. அவர் மனைவி சரோஜாம்மா காபி வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். மகள் எழுந்துபோய் டிவியை அணைத்தாள். ஐந்து நிமிடம் யாரும் வாய் திறக்கவில்லை.

“பழகிப்போச்சுங்க பாஸ்டர்,” என்றார் அப்புறம். “தினமும் நாலு மணிக்கு அவருக்காக ஜெபம் பண்றேன்னு ஆஸ்பத்திரியில சொன்னீங்கல்லங்க. அந்த நேரத்துல ஊட்டுல யாரும் பேசக் கூடாதும்பாருங்க. கடைசி நாள்கூட நாலு மணிக்குக் கண்ணை மூடிக் கை கூப்பிக்கிட்டுத்தான் படுத்திருந்தாருங்க.”

நான் அப்படிச் சொன்னது நிஜம்தான். கட்டிலில் கிடப்பவரிடம் எதையாவது சொல்லிவிட்டுத்தானே கிளம்ப வேண்டியிருக்கிறது. முதல் நாள் பண்ணினேன். மறுநாளிலிருந்து ஞாபகமே இல்லை. அவர் படுக்கையில் கிடந்த மூன்று மாதமும் நாலு மணிக்கு நான் பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னுமாக நின்றிருக்கிறேன். அந்த நேரம் அவர் வீட்டில் டிவி அணைந்திருக்கிறது.

கிளம்பும்போது சரோஜாம்மா வாசல் வரை வந்தார். “இனி அந்த நாலு மணிக்கு எம் புள்ளைக்காகப் பண்ணுங்க பாஸ்டர். நாங்க டிவியை நிறுத்திப்போட்டு உக்காந்துக்கறமுங்க.”

“சரிங்கம்மா” என்றேன்.

யோசிக்காமலேயே வந்துவிட்டது. அன்றைக்கு ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் வந்தது.