பர்ஸில் வைக்க ஒரு போட்டோ

ஜூலை 2, ஞாயிறு

டிவியில் போர்ப்படம். மாமியாரும் மருமகளும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் இதுதான்: அத்தையும் நானும் ஒரே இடத்தில் அழுவோம். ஒரு சிப்பாய் சட்டைப் பையிலிருந்து பொண்டாட்டி போட்டோவை எடுத்து நண்பனிடம் காட்டினான். "போச்சு, இவன் இனிப் பிழைக்க மாட்டான்" என்றார் அத்தை. அடுத்த நிமிடம் குண்டு. யோசித்துப் பார்த்தால், போட்டோவைக் காட்டிய எவனும் எந்தப் படத்திலும் ஊர் திரும்பியதில்லை. நூலகத்தில் எடுத்து வந்த நாவலிலும் அதே கதை.

ஜூலை 4, செவ்வாய்

லடாக் பட்டாளத்து முகாமிலிருந்து என் வீட்டுக்காரர் பேசினார். "பர்ஸுல வைக்க உன் போட்டோ ஒண்ணு பிரிண்ட் போட்டு அனுப்பு செல்வி."

"அதெல்லாம் வேணாங்க." வாய் முந்திக்கொண்டது.

ஏன் என்றார். சொன்னால் சிரிப்பார். சொல்லாமல் அனுப்பி, ஏதாவது ஆகிவிட்டால்? "சரி, வச்சிர்றேன்" என்று வைத்துவிட்டார்.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் தினம் நாற்பது பேருக்கு ஊசி குத்துகிறவள் நான். போயும் போயும் ஒரு சினிமாவுக்கா பயப்படுவது?

ஜூலை 8, சனி

போன் இல்லை.

ஜூலை 12, புதன்

அத்தையிடம் மட்டும் பேசியிருக்கிறார். "அவளுக்கு என்னையப் பிடிக்கலையோ" என்று கேட்டாராம். கல்யாணமாகி ஐந்து மாதம். சேர்ந்து இருந்தது இருபத்திரண்டு நாள். அவருக்குத்தான் வேறென்ன தோன்றும்? பிடிக்காமயா இந்தப் பாடு படுறேன். குடுத்தா ஆளு போயிருவாரோன்னு பயம், குடுக்கலைனா மனசு விட்டுப் போகுது — நான் என்னதான் செய்ய.

ஜூலை 16, ஞாயிறு

நானே கூப்பிட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு,

"நான் பட்டாளத்துல ஓட்டுறது உருளைக்கிழங்கு லாரி. எந்தப் படத்துலயாச்சும் லாரி டிரைவரக் காட்டிருக்காங்களா?"

"இல்ல."

"ஆளையே காட்டலைனா எங்குட்டுச் சாகடிக்க?"

சிரித்துவிட்டேன். "இம்புட்டையும் மனசுல வச்சுக்கிட்டா இருந்த?" என்றார். அவ்வளவுதான், அழுகை வந்துவிட்டது. நல்ல அழுகை.

ஜூலை 17, திங்கள்

ஆடி பிறந்துவிட்டது. குஜிலியம்பாறையிலிருந்து அம்மா என்னை அழைத்துப் போக வந்தாள். ஆடியில் புது ஜோடியைப் பிரித்து வைக்க வேண்டுமாம். எங்களுக்குப் பன்னிரண்டு மாதமும் ஆடிதானே என்றேன். அத்தைக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

போகிற வழியில் போட்டோ ஸ்டுடியோவில் இறங்கினோம். "பாஸ்போர்ட்டுக்கா எடுக்குறோம்? செத்த சிரிங்க தங்கச்சி" என்றார் ஸ்டுடியோக்காரர் ரஃபி அண்ணன். சிரித்தேன். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பாதி இருக்கிறது. தபாலில் சேர்த்துவிட்டேன்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

ஆடி முடிந்து நான் திரும்பிவிட்டேன், அவர் லீவில் வந்து இரண்டு நாள் ஆகிறது. இன்று தியேட்டருக்குக் கூட்டிப் போனார். போர்ப்படம். வேண்டுமென்றேதான். இடைவேளை வரை கதாநாயகன் தொப்பி கோணல், துப்பாக்கி பிடிக்கத் தெரியவில்லை என்று ஒரே நக்கல். முன்சீட்டுக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டார்.

இடைவேளைக்குப் பிறகு, பனியில் உட்கார்ந்திருந்த ஒருவன் சட்டைப் பைக்குள் கையை விட்டான். பக்கத்தில் நக்கல் சத்தத்தைக் காணோம். திரும்பினால், இவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருக்கிறார். கை தடவித் தடவி என் கையைப் பிடித்தது.

"முடிஞ்சதும் சொல்லு செல்வி."

சண்டை ஓய்ந்தது. ஒரு பாட்டு வந்தது, அதுவும் முடிந்து ஊரைக் காட்டினார்கள். அவர் கண்ணைத் திறக்கவில்லை, கையையும் விடவில்லை. நானும் சொல்லவில்லை.